கூனிக்கும் ஓர் உறுதி வேண்டும்

கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ சந்தைக்குப் போனால் காய்ந்த கூனி வாங்கலாம். நிறுத்து, கடதாசியில் சுற்றித் தருவார்கள். முருங்கையிலை வறைக்கும் சம்பலுக்கும் போடுவோம். அதில் எத்தனை உயிர்கள் என்று எவரும் எண்ணுவதில்லை. அவை யாவும் ஒரே இனமா, பல இனங்களா என்று கேட்பதுமில்லை. எமக்கு அது கூனி, அவ்வளவுதான்.

ஆனால், பொறுமையாக உட்கார்ந்து "இது வேறு, அது வேறு" என்று பிரித்துப் பார்த்து எழுதியவர்கள் இருக்கிறார்கள். இந்தியக் கரைகளில் பிடிபடும் கூனி வகைகளுள் ஒன்றுக்கு 1830ஆம் ஆண்டிலேயே மில்ன் எட்வர்ட்ஸ் என்ற பிரெஞ்சு விலங்கியலாளர் அசெட்டெஸ் இந்திக்கஸ் என்று பெயரிட்டு, அதன் அடையாளங்களை எழுதிவைத்தார். அன்று தொடங்கி இன்றுவரை, கடலிலுள்ள சின்னஞ்சிறு ஓட்டுடலிகளுக்குப் பெயர் எழுதும் வேலை ஓயவில்லை. ஒவ்வோர் ஆண்டும் உலகின் ஏதோ ஒரு கடலில் இருந்து புதிய இனங்கள் பதிவாகிக்கொண்டே இருக்கின்றன.

காணிக்காகவும் நட்டஈட்டுக்காகவும் கச்சேரிப் படிகளில் ஏறி இறங்கும் எமக்கு இது எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. நான் சொல்ல வருவது இதுதான்: இருக்கும்போது எழுதிவைக்காத ஒன்றை, இழந்த பின்பு "இழந்தோம்" என்று நிரூபிப்பது மிகக் கடினம். இது கூனிக்கும் பொருந்தும், காணிக்கும் பொருந்தும்.

நாலு எல்லை எழுதுவது

இறாலும் நண்டும் சேர்ந்த பெரிய கூட்டத்தை ஓட்டுடலிகள் என்கிறோம். உடலின் வெளியே ஓடு, மூட்டு மூட்டாகக் கால்கள். இக்கூட்டத்தில் நாம் கறி வைப்பவை ஒரு சிறு பகுதியே. மற்றவற்றுட் பெரும்பாலானவை நகக்கண் அளவும் இல்லாதவை. வெள்ளவத்தையில் ரயில் பாதைக்கு அப்பால் கரையொதுங்கிக் கிடக்கும் கடற்பாசியைப் புரட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் தட்டையான சிறு உயிர்கள் துள்ளி ஓடும். ஈரக் கல்லைப் புரட்டும்போது அடியில் ஓடுகின்ற, பல கால்களுள்ள சாம்பல் நிறப் பூச்சியை வயலில் கண்டிருப்பீர்கள். அதுவும் ஓட்டுடலியே, அதன் உறவினர் கடலிலும் களப்பிலும் உண்டு. இவற்றிலும் சிறியவை குரக்கன் மணியிலும் சிறிதாய், நீரில் மிதந்து திரிபவை. இவற்றைத் தின்று மீன்குஞ்சு வளர்கிறது. அந்த மீனை நாம் உண்கிறோம்.

இத்தகைய ஒன்றைப் "புதிய இனம்" என்று சொல்வதற்கு, கண்டுபிடித்தேன் என்று கூவினாற் போதாது. முதலில் வலையிட்டுப் பிடித்து, மதுசாரத்தில் இட்டுப் பதப்படுத்துவார்கள். பின்பு நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து, மெல்லிய ஊசிகளால் ஒவ்வொரு காலையும், ஒவ்வோர் உணர்கொம்பையும், வாயுறுப்பையும் கழற்றி எடுப்பார்கள். ஒரு காலில் எத்தனை மூட்டு, ஒரு மூட்டில் எத்தனை முள், எந்த முள் எந்தப் பக்கம் வளைந்திருக்கிறது என்று எண்ணி வரைவார்கள். அதன் பிறகு, அதே வகையைப் பற்றி உலகில் எங்கேனும் எந்த மொழியிலேனும் முன்னர் எழுதப்பட்டவற்றைத் தேடி எடுத்து ஒப்பிடுவார்கள். பொருந்தாவிட்டால் மாத்திரமே அது புதியது. பிறகு இரு சொற்களாலான பெயர் ஒன்றைச் சூட்டி, பெயருக்குரிய ஒரேயொரு மாதிரியைத் தெரிந்தெடுத்து, அதை நூதனசாலை ஒன்றில் ஒப்படைத்து, விபரத்தை அச்சிடுவார்கள். நாளைக்கு எவருக்கும் ஐயம் வந்தால் அந்த மாதிரியைப் போய்ப் பார்க்கலாம்.

இந்த ஒழுங்கு உங்களுக்குப் புதியதல்ல. காணி உறுதி எப்படி எழுதப்படுகிறது? காணியின் பெயர், பரப்பு, வடக்கே யாருடைய காணி, கிழக்கே எந்த ஒழுங்கை, தெற்கே எந்த வாய்க்கால் என்று நாலு எல்லை. அதனோடு நில அளவையாளரின் பிளான். இன விபரிப்பும் அப்படித்தான். "இது இன்னது" என்று சொல்வதோடு நில்லாமல், "பக்கத்திலுள்ள அதிலிருந்து இது இந்த இடத்தில் வேறுபடுகிறது" என்று எல்லை போடுவதே அதன் உயிர். முந்திய உறுதிக்கு மதிப்பு இருப்பதுபோல அங்கும் முந்தி எழுதிய பெயருக்கே முன்னுரிமை. விலங்குகளின் பெயர்களுக்கு லின்னேயஸ் என்ற சுவீடன் நாட்டவர் 1758இல் வெளியிட்ட நூலிலிருந்து கணக்குத் தொடங்குகிறது. அதற்குப் பின் வந்த எந்தப் பெயரையும் முன்னையவற்றோடு ஒப்பிடாமல் ஏற்பதில்லை.

கறுவாத்தோட்டத்து நூதனசாலை

இவ்வேலை எங்கோ தூர தேசத்தில் மாத்திரம் நடந்ததல்ல. கொழும்பு கறுவாத்தோட்டத்திலுள்ள நூதனசாலை 1877இல் திறக்கப்பட்டது. 1902இல் அதன் பணிப்பாளராக வந்த ஆர்தர் வில்லெ, அடுத்த ஆண்டு ஸ்போலியா சிலானிக்கா என்னும் ஆய்வு ஏட்டைத் தொடக்கினார். இந்நாட்டின் உயிரினங்கள் பற்றிய எத்தனையோ முதற் பதிவுகள் அந்த ஏட்டில் வந்தன.

அவ்வேட்டில் 1904ஆம் ஆண்டு, இலங்கையில் கூட்டங்கூட்டமாக வாழும் ஓட்டுடலிகள் பற்றிய கட்டுரை ஒன்று வெளியாயிற்று. எழுதியவர் தோமஸ் ஸ்டெபிங். அவர் இங்கிலாந்துத் திருச்சபையில் குருப்பட்டம் பெற்றவர். டார்வினின் கொள்கையை வெளிப்படையாக ஆதரித்தமையால் பிரசங்கம் செய்யத் தடை விதிக்கப்பட்டவர். பிரசங்க மேடை மறுக்கப்பட்ட அந்த மனிதர், தம் நீண்ட ஆயுளின் பெரும் பகுதியை இந்தச் சிறு உயிர்களின் கால்களையும் முட்களையும் எண்ணுவதிற் செலவிட்டார். அக்கட்டுரையில் அவர் விபரித்த ஒரு சிறு உயிருக்குக் கொழும்புப் பணிப்பாளரின் பெயரால் சிரொலானா வில்லெயி என்று பெயரிட்டார். பின்வந்தோர் அதன் உறவுமுறையை மீண்டும் ஆராய்ந்து முதற்சொல்லை மாற்றினர். இன்று அது அனொப்சிலானா வில்லெயி. குடும்பப் பெயர் மாறினாலும், முதலில் எழுதியவர் ஸ்டெபிங், ஆண்டு 1904 என்ற குறிப்பு அதனுடன் என்றும் நிற்கும். நூறாண்டு கடந்தும் ஓர் உயிரின் பதிவு அழியாமல் நிற்பது இப்படித்தான்.

ஆனால் "ஸ்போலியா" என்ற சொல்லை நோக்குங்கள். குருமடத்தில் இலத்தீன் கற்றவர்களுக்கு அதன் பொருள் தெரியும். போரில் வென்றவன், தோற்றவனிடமிருந்து உரிந்து கொண்டுபோகும் பொருள், அதாவது கொள்ளை. ஏட்டுக்குப் பெயரிட்டவர்கள் அதை வெறும் அலங்காரமாகவே எண்ணியிருக்கலாம். நாம் அந்தச் சொல்லை அவ்வளவு இலகுவாகக் கடந்துபோக முடியாது.

முத்துப் பாரில் நடந்தது

ஏனெனில் அதே காலத்தில் மன்னார்க் கடலில் நடந்தது இது. 1891இற்குப் பின் பல ஆண்டுகள் முத்துச் சலாபம் நடைபெறவில்லை. சிப்பிகள் அழிந்து போயிருந்தன. வருமானம் இழந்த குடியேற்ற அரசு காரணத்தை அறிய விரும்பியது. லிவர்பூல் பேராசிரியர் ஹேர்ட்மன் 1902இல் இங்கு வந்து, ஹோர்னெல் என்ற உதவியாளருடன் முத்துப் பார்களை ஆராய்ந்தார். சிப்பியை மாத்திரம் அவர்கள் அள்ளவில்லை. பார்களிலும் சுற்றுக் கடலிலும் இருந்த சிறு உயிர்களையும் அள்ளிச் சேர்த்தனர். அவற்றைப் பிரித்தானிய நிபுணர்கள் பகிர்ந்துகொண்டு விபரித்தனர். நீரில் மிதக்கும் மிகச் சிறிய ஓட்டுடலிகளைத் தொம்சனும் ஸ்கொட்டும், பாசியில் துள்ளுபவற்றை வோக்கரும், இறால் வகைகளை ஜோசப் பியர்சனும் எழுதினர். இந்தப் பியர்சனே பின்னர் 1910இல் கொழும்பு நூதனசாலையின் பணிப்பாளராக வந்தவர். 1903 முதல் 1906 வரை ஐந்து பெரும் பகுதிகளாக அவ்வறிக்கை இலண்டனில் அச்சாயிற்று. விஞ்ஞானத்துக்கு அதுவரை தெரியாத பல இனங்கள் அதிலே முதன்முறையாகப் பெயர் பெற்றன.

அது பெரும் பணி. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். இன்றும் எமது கடலிலுள்ள சிறு உயிர்களை ஆராய்பவர்கள் அந்த அறிக்கையைத் திறக்காமல் வேலை தொடங்க முடியாது. எனினும் சில கேள்விகளைக் கேட்கவேண்டும். அறிக்கையிலே கடலடித் திட்டுக்குப் "பார்" என்ற தமிழ்ச் சொல்லே வழங்குகிறது. அது சுழியோடிகளிடமிருந்தும் தோணிக்காரரிடமிருந்தும் எடுத்த சொல். எந்தப் பாரில் மணல், எந்தப் பாரில் கல், எந்த மாதம் நீரோட்டம் எப்படித் திரும்பும் என்பது தலைமுறை தலைமுறையாக அந்த மக்களுக்குத் தெரிந்திருந்தது. சொல் ஏட்டில் ஏறியது. சொன்னவரின் அறிவுக்கு அந்த அளவு இடம் கிடைக்கவில்லை. எழுதிய மொழி ஆங்கிலம். மாதிரிகள் போய்ச் சேர்ந்த இடம் பிரித்தானியா. 1906இல் முத்துப் பார்கள் 20 ஆண்டுக் குத்தகைக்கு ஒரு கம்பனிக்குக் கொடுக்கப்பட்டன. சில ஆண்டுகளிலேயே சிப்பி அற்றுப்போக, கம்பனியும் போயிற்று.

அந்தப் பார்களுக்கு எதிரே உள்ள கரை எது? சிலாவத்துறை, மறிச்சுக்கட்டி, முள்ளிக்குளம். கடலும் வயலும் ஒருங்கே கொண்ட ஊர்கள். 1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களில் இப்பகுதியினரும் அடங்குவர். 2007இல் முள்ளிக்குளத்து மக்கள் ஊரை விட்டு வெளியேற நேர்ந்தது. அங்கே கடற்படை முகாம் அமைந்தது. மக்கள் வீதியில் இருந்து போராடிய பின் 2017இல் ஒரு பகுதிக் காணியை விடுவிப்பதாக அறிவித்தார்கள். பாரின் அடியிலுள்ள மில்லிமீற்றர் அளவு உயிருக்கு 1903இலேயே பதிவு உண்டு. அதே கரையில் வயல் செய்த குடும்பங்களோ, "இது எங்கள் காணிதான்" என்று காட்டுவதற்கு இன்னமும் அலைகின்றன. யார் எழுதுகிறார்கள், யாருடைய தேவைக்கு எழுதுகிறார்கள் என்பது அற்ப விடயமல்ல என்று நான் சொல்வது இதனாலேயே.

பழைய சேலையும் கொலராவும்

"பெயர் எழுதி என்ன பயன், வயிறு நிறையுமா?" என்பாரும் உண்டு. ஓர் உதாரணம் சொல்கிறேன். கொலராக் கிருமி நீரில் தனியே மிதப்பதோடு, மேலே சொன்ன மிதக்கும் ஓட்டுடலிகளின் ஓட்டில் ஒட்டிக்கொண்டும் வாழ்கிறது. இதை ரீட்டா கொல்வெல் என்ற அமெரிக்க விஞ்ஞானியும் அவரது கூட்டாளிகளும் நீண்டகால ஆய்வினால் நிறுவினர். கிருமி மிகச் சிறியது, துணியில் வடிபடாது. அது ஒட்டியிருக்கும் உயிரோ பெரிது, வடிபடும். ஆகவே வங்காளதேசக் கிராமங்களில் பெண்கள் பழைய பருத்திச் சேலையைப் பல மடிப்பாக மடித்து, குடத்து வாயில் கட்டி, நீரை வடித்தார்கள். 2003இல் வெளியான முடிவின்படி அக்கிராமங்களில் கொலரா 48 சதவீதம் குறைந்தது. இலட்சங்கள் செலவாகவில்லை, பழைய சேலைத் துண்டுதான் செலவு.

முகாம் வாழ்க்கையில் தண்ணீருக்கு வரிசையில் நின்றவர்களுக்கு இதன் பெறுமதியை விளக்கத் தேவையில்லை. கொதிக்கவைப்பதே இன்றும் சிறந்த வழி. விறகில்லாத இடத்தில் வடிப்பது ஒன்றுமில்லாததிலும் மேல். ஆனால் இந்த வழி எங்கிருந்து வந்தது? எவரோ ஒருவர் நுணுக்குக்காட்டியின் கீழ் அந்தச் சிறு உயிரை இனங்கண்டு, அளந்து, வரைந்து வைத்ததிலிருந்து வந்தது. அவருக்கு அப்போது கொலராவும் தெரியாது, சேலையும் தெரியாது.

எரிந்த கப்பல்

இனி அண்மைக் காலத்துக்கு வருவோம். 2021 மே மாதம் எக்ஸ்-பிரஸ் பேர்ள் என்ற கொள்கலன் கப்பல் கொழும்புத் துறைமுகத்துக்கு அப்பால் தீப்பிடித்து, பல நாட்கள் எரிந்து, யூன் மாதம் மூழ்கியது. அதில் 1,486 கொள்கலன்கள் இருந்தன. 25 தொன் நைத்திரிக்கமிலமும், ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்ரிக் மணிகளும் அவற்றுள் அடக்கம். வெள்ளை மணிகள் நீர்கொழும்புக் கரையில் முழங்கால் புதையக் குவிந்ததைப் படங்களில் நாம் எல்லோரும் கண்டோம். தொழிலுக்குப் போகமுடியாத மீனவக் குடும்பங்கள் எத்தனையோ. 2025 யூலையில் உயர் நீதிமன்றம் அக்கப்பலுக்குப் பொறுப்பானவர்கள் 100 கோடி அமெரிக்க டொலர் நட்டஈடு செலுத்த வேண்டுமெனத் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வேறு, பணம் கைக்கு வருவது வேறு என்பதை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. எனினும் அது பெரிய தீர்ப்பு.

இங்கேதான் எமது விடயம் வருகிறது. ஆமை செத்தால் கரையொதுங்கும், எண்ணலாம். டொல்பின் செத்தால் செய்தி வரும். பாசியில் துள்ளும் ஓட்டுடலி செத்தால்? அது கரையொதுங்காது, நாறாது, படம் எடுக்கவும் முடியாது. அது அற்றுப்போனதை அறிய ஒரே வழி, முன்னர் அங்கே என்னென்ன இனங்கள் எவ்வளவு இருந்தன என்ற பட்டியல் இருப்பது. பட்டியல் இருந்தால் இன்றைய கணக்கை அதனோடு ஒப்பிட்டு வழக்கில் வைக்கலாம். இல்லாவிட்டால் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி எழுந்து, "இருந்ததென்று யார் சொன்னது?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். மீன்குஞ்சின் சோறு அழிந்தது. அதற்குச் சாட்சி இல்லை.

அதே கேள்வியை எங்கள் மக்களிடமும் கேட்டிருக்கிறார்கள் அல்லவா? "பத்து மா மரம் நின்றதென்று யார் சொன்னது? கிணறு கட்டுக்கிணறென்று யார் சொன்னது?" காகிதம் வைத்திருந்தவர் ஒரு படிவமாவது நிரப்பினார். காகிதம் எரிந்தவர், அல்லது ஒருபோதும் காகிதமே இல்லாதிருந்தவர், வாய்ச் சொல்லோடு திரும்பினார். பரம்பரையாகக் குத்தகைக்குச் செய்தவர், பெர்மிட் கிடைக்குமுன் காடு வெட்டியவர், கணவன் பெயரில் இருந்த காணியைக் கணவன் இறந்தபின் செய்த பெண் ஆகியோரின் உழைப்புக்கே மிகக் குறைந்த பதிவு உண்டு.

நாம் செய்யக்கூடியது

எழுதிவைத்தால் காணி தானாக வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. எழுதிய பட்டியலை வைத்தே பறித்த வரலாறும் உண்டு. முத்துப் பார்க் குத்தகை அதற்கு அண்மையான கதை. ஆனால் பட்டியல் எதிரியின் கையில் மாத்திரம் இருப்பதே ஆபத்து. அது எம் கையிலும் எம் மொழியிலும் இருக்கவேண்டும்.

கடலைப் பொறுத்தவரை நாம் கேட்கவேண்டியவை மூன்று. எமது கடலிலிருந்து பெயர் பெறும் இனங்களின் மூல மாதிரிகள் இந்நாட்டு நூதனசாலையிலேயே வைக்கப்பட வேண்டும். அவற்றின் விபரம் தமிழிலும் சிங்களத்திலும் சுருக்கமாகவேனும் கரையோர மக்களுக்குக் கிடைக்க வேண்டும். மீனவர் வழங்கும் பெயரும், எந்தக் காலத்தில் எங்கே கண்டார்கள் என்பதும் விஞ்ஞானப் பெயரோடு சேர்த்து எழுதப்பட வேண்டும். கொட்டாஞ்சேனைக்கு அருகே மட்டக்குளி காக்கைத்தீவில் நாரா ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் விலங்கியலும் கடற்றொழிலும் கற்பிக்கிறார்கள். எமது பிள்ளைகள் அங்கே போய்க் கேட்பதற்கும் கற்பதற்கும் தயங்கக் கூடாது. நுணுக்குக்காட்டியின் முன் உட்காரும் பொறுமை, நாற்று நடும் பெண்களின் பிள்ளைகளுக்கு இல்லாமற் போகாது.

நிலத்தைப் பொறுத்தவரை, வேலை உங்கள் வீட்டிலேயே தொடங்கலாம். ஒரு பயிற்சிக் கொப்பி எடுங்கள். காணியின் பெயர், பரப்பு, நாலு எல்லை, எல்லைக்காரரின் பெயர் எழுதுங்கள். நின்ற மரங்களை இனம் இனமாக எண்ணி எழுதுங்கள். கிணறு, துரவு, வாய்க்கால், எந்தக் குளத்தின் கீழ் எத்தனையாம் வயல் என்பதையும் எழுதுங்கள். மொட்டைக்கறுப்பனா, பச்சைப்பெருமாளா, எந்த நெல்லை எந்தப் போகத்தில் விதைத்தீர்கள் என்பதையும் விடாதீர்கள்; அதுவும் அடையாளமே. வயது முதிர்ந்தவர்களிடம் முதலிற் கேளுங்கள். அவர்கள் போய்விட்டால் எல்லைகளும் போய்விடும். தெரிந்த அயலவர் இருவரிடம் வாசித்துக் காட்டி, ஒப்பம் வாங்குங்கள். தொலைபேசியில் படம் எடுத்து, வேறு ஊரிலுள்ள உறவினர் ஒருவருக்கும் அனுப்பிவையுங்கள். ஒரு பிரதி ஒரே வீட்டில் இருந்தால் அந்த வீட்டோடு போய்விடும் என்பதை நாம் பட்டு அறிந்தவர்கள்.

ஒரு மில்லிமீற்றர் உயிருக்குக் காலொன்றுக்கு எத்தனை முள் என்று எண்ணி எழுத மனிதன் நேரம் ஒதுக்கியிருக்கிறான். ஒரு குடும்பம் மூன்று தலைமுறையாகச் செய்த வயலுக்கு நாம் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கலாம். கொப்பியை இந்தக் கிழமையே வாங்குங்கள்.